வார இறுதியில் மட்டும் ஓடிய காரா, டிராக்கில் ஓடிய காரா?

கேள்வி: 2015 மாடல் போர்ஷே கேமன் எஸ் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். மேனுவல் கியர், 38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. விற்பவர் இரண்டாவது உரிமையாளர். 'ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் எடுப்பேன், ரேஸ் டிராக் பக்கமே போனதில்லை' என்கிறார். காரும் பளபளவென்று இருக்கிறது. ஆனால் நான்கு டயரும் புதிது, முன்பக்க பிரேக் டிஸ்க்கும் புதிது. கூட வந்த நண்பர் அதைப் பார்த்ததுமே 'இது டிராக்கில் அடிபட்ட வண்டி, தொடாதே' என்று சொல்லிவிட்டார். எனக்கோ காரை விட மனமில்லை. டிராக்கில் ஓடியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஓடியிருந்தால் வாங்கவே கூடாதா?

பதில்: உங்கள் நண்பர் பார்த்த இடம் சரி, சொன்ன தீர்ப்புதான் அவசரம். பழைய ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கப் போகிறவர்கள் எது தேய்ந்திருக்கிறது, எது கீறியிருக்கிறது என்று தேடுவார்கள். விற்பவருக்கும் அது தெரியும். தேய்ந்ததை மாற்றி, கீறியதை பாலிஷ் போட்டுவிட்டுத்தான் விளம்பரம் கொடுப்பார். அதனால் நான் ஒரு காரைச் சோதிக்கப் போனால் முதலில் எழுதிக்கொள்வது புதிதாக இருப்பவற்றின் பட்டியலை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே கேள்வி: இந்த வயதுக்கும் இந்தக் கிலோமீட்டருக்கும் இது மாறியிருக்க வேண்டியதுதானா?

டயரை வைத்து உங்கள் விஷயத்தில் ஒன்றும் சொல்ல முடியாது. 2015 மாடல் காரில் பழைய டயரே இன்னும் இருந்தால்தான் நான் கவலைப்படுவேன். ஓடாமல் நின்றாலும் ரப்பர் வருடத்தோடு இறுகிவிடும். டிஸ்க் விஷயம் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. சாலையில் நிதானமாக ஓடிய காரில் 38,000 கி.மீ.க்குள் டிஸ்க் தேய்ந்து தீர்வது வழக்கமில்லை. 'ரொம்ப நாள் நின்றதில் துருப்பிடித்துக் குழி விழுந்தது, மாற்றினேன்' என்று விற்பவர் சொல்லக்கூடும். நடக்கக்கூடியதுதான். ஆனால் துரு முன்பக்கம் மட்டும் பிடிக்காது. பின்பக்க பிரேக் வேலை குறைவாகச் செய்வதால் துரு அங்கேதான் உரசிப் போகாமல் கூடுதலாகத் தங்கும். பின் டிஸ்க் பழையதாகவும் நல்ல நிலையிலும் இருக்க, முன் டிஸ்க் மட்டும் புதிது என்றால், துரு என்ற விளக்கம் எனக்குப் போதாது.

ஆகவே முதல் வேலை, பில்களைக் கேளுங்கள். சர்வீஸ் புத்தகத்தில் விழுந்த முத்திரைகள் போதாது; பாகங்களின் பெயர், தேதி, அன்றைய கிலோமீட்டர் எல்லாம் இருக்கிற பில்கள் வேண்டும். அவற்றைத் தேதி வரிசையில் அடுக்கினாலே பாதிக் கதை தெரிந்துவிடும். பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறியிருந்தால் அது சாதாரணப் பராமரிப்பு. ஒரே வருடத்தில் இரண்டு மூன்று முறை மாறியிருந்தால் யாரோ அதைக் கொதிக்க வைத்திருக்கிறார்கள். டாட் 4 என்ற தர வகையைச் சேர்ந்த சாதாரண பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சியபின் அந்த எல்லை 155 டிகிரி. 300 டிகிரிக்கு மேல் தாங்கும் ரேஸிங் ஆயிலின் பெயர் பில்லில் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலை உலாவுக்கு அது எதற்கு என்று கேட்கலாம்.

டயர் பில்லிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கேமன் நடு எஞ்சின் கார், பின்சக்கர இழுவை. சாலையில் ஓட்டினால் பின் டயர்தான் முதலில் தேயும். முன் டயர் ஒரு ஜோடி மாறுவதற்குள் பின் டயர் இரண்டு ஜோடி மாறுவது சகஜம். டிராக்கில் இந்தக் கணக்கு கலைந்துவிடும். வளைவுக்குள் வேகமாக நுழையும்போது முன் டயரின் வெளித்தோள் அரைபட்டு, பின் டயருக்குச் சமமாக, சில சமயம் அதற்கு முன்பே முடிந்துபோகும். இந்தக் கிலோமீட்டருக்குள் முன் டயர் இரண்டு மூன்று முறை வாங்கிய பில் இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. பில் இல்லை என்றால் டயர்ப் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். 2318 என்றால் 2018-இன் 23-ஆவது வாரத்தில் தயாரானது. நான்கு டயரும் விளம்பரத்துக்கு முந்தைய மாதம்தான் வாங்கப்பட்டவை என்று தோன்றினால், கழற்றிய பழைய டயர்கள் எங்கே என்று கேளுங்கள். சிலர் மறந்துபோய்க் கார் ஷெட்டின் மூலையிலேயே சாய்த்து வைத்திருப்பார்கள்.

அந்தப் பழைய டயர் கிடைத்தால் பத்து நிமிடம் அதனோடு செலவிடலாம். டிராக்கில் சூடேறிய டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்காது. உரித்தெடுத்ததுபோல் சொரசொரப்பாக, ஓரங்களில் ரப்பர் உருண்டு திரண்டிருக்கும். தேய்மானம் ஓடுபரப்பைத் தாண்டிப் பக்கவாட்டுச் சுவர் வரை இறங்கியிருக்கும். டயரே கிடைக்காவிட்டாலும் சக்கர வளைவின் உள்பக்கம் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். டிராக்கில் ஓடுபாதையை விட்டு விலகினால் மற்ற கார்கள் உதிர்த்த ரப்பர்த் துணுக்குகளைச் சூடான டயர் அள்ளிக்கொண்டு வரும். அவை சக்கர வளைவிலும் பின் பம்பரின் முன்னோரத்திலும் அறைந்து ஒட்டிக்கொள்ளும். காரைக் கழுவுகிறவர்கள் பெயின்ட்டைத்தான் தேய்ப்பார்கள். உள்வளைவைத் தேய்க்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

பிரேக்குக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்று ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். 1,400 கிலோ எடையுள்ள கார், 60 கி.மீ. வேகத்திலிருந்து முழுவதுமாக நிற்கும்போது பிரேக்கில் வெப்பமாக மாறும் ஆற்றல் ஏறத்தாழ 0.2 மெகாஜூல். அதே கார் நீண்ட நேர்பாதையின் முடிவில் 200-இலிருந்து 80-க்கு வேகம் குறைந்தால் 1.8 மெகாஜூல். ஒரே மிதியில் ஒன்பது மடங்கு. அது ஒரு சுற்றில் பல இடங்களில், இருபது நிமிடம் ஓயாமல் நடக்கும். டிஸ்க் 600 டிகிரியைத் தாண்டுவதெல்லாம் டிராக்கில் சர்வசாதாரணம். சாலையில் எவ்வளவு முரட்டுத்தனமாக ஓட்டினாலும் இந்த அளவுக்குத் தொடர்ந்து சூடேற்றுவது கடினம். மலையிறக்கம் ஒன்றுதான் விதிவிலக்கு.

அந்தச் சூடு டிஸ்க்கோடு நின்றுவிடாது. டிஸ்க்கை மாற்றிவிடலாம், பிரேக் பேட்களை டிஸ்க்கின்மேல் அழுத்தும் கவ்வியான காலிப்பரை அவ்வளவு சுலபமாக மாற்றமாட்டார்கள். உங்கள் காரில் சிவப்பு காலிப்பர் இருக்க வேண்டும். முன் காலிப்பரையும் பின் காலிப்பரையும் பக்கத்துப் பக்கமாகப் போட்டோ எடுத்து ஒப்பிடுங்கள். பின்னது சிவப்பாகவே இருந்து முன்னது கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் அது வெந்திருக்கிறது. நான்கும் புதுச் சிவப்பாக மின்னினால் எழுத்துகளின் விளிம்பையும் போல்ட் தலைகளையும் உற்றுப் பாருங்கள். மறுபெயின்ட் அடித்தவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் உறை மொறுமொறுப்பாகி வெடித்திருக்கிறதா என்பதை லிஃப்டில் ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றினால்தான் பார்க்க முடியும். அப்படியே பின் டிஸ்க்கையும் பாருங்கள். துளை போட்ட டிஸ்க்கில் ஒரு துளையிலிருந்து இன்னொரு துளையை நோக்கி ஓடும் மயிரிழை விரிசல், வறண்ட குளத்து மண்போல் மேற்பரப்பெங்கும் படர்ந்த நுண்விரிசல், பேட் உரசாத உள்விளிம்பில் நீலம் பாய்ந்த நிறம், இவை மூன்றும் வெப்பத்தின் கையெழுத்து. சீரான வெள்ளி நிறமும் விளிம்பில் சிறு திண்டும் மட்டும் இருந்தால் அது வெறும் தேய்மானம். டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனோடு அளந்து பார்த்து முடிவு செய்யலாம்.

செராமிக் பிரேக் உள்ள காரைத் தேடுகிற வேறு வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே தடிமனை மட்டும் அளந்து பயனில்லை. வெப்பத்தில் அதன் கார்பன் எரிந்து எடை குறையும். குறைந்தபட்ச எடை டிஸ்க்கின் நடுப்பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். கழற்றித் தராசில் வைக்காமல் 'செராமிக், ஆயுசுக்கும் வரும்' என்று சொல்வதை நம்ப வேண்டாம்.

அடுத்தது நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டியது. மற்ற எல்லாவற்றையும் விட்டாலும் இதை விடாதீர்கள். உங்கள் காரின் எஞ்சின் கணினி, எஞ்சின் அதன் எல்லையைத் தாண்டிச் சுழன்றதை ஒன்று முதல் ஆறு வரையிலான நிலைகளாகப் பிரித்துப் பதிந்து வைத்திருக்கும். காரின் கணினியைப் படிக்கும் போர்ஷேயின் பிவிஸ் டெஸ்டரும் அதைப் படிக்கத் தெரிந்த ஆளும் இருந்தால் சில நிமிட வேலை. 'ஓவர் ரெவ் ரிப்போர்ட்' என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள்.

அந்தத் தாளைப் படிப்பதில் பலர் குழம்புகிறார்கள். அதில் உள்ள எண் 'இத்தனை தடவை' என்பதல்ல. அந்த வேகத்தில் நிகழ்ந்த இக்னிஷன்களின், அதாவது சிலிண்டரில் எரிபொருள் பற்றவைக்கப்பட்ட தடவைகளின், எண்ணிக்கை. ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் மூன்று இக்னிஷன். 8,000 ஆர்பிஎம் என்றால் நிமிடத்துக்கு 24,000, நொடிக்கு 400. முதல் நிலையில் 2,000 என்று இருப்பதைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். மொத்த ஆயுளில் ஐந்தே நொடி. கால் அழுத்தி ஓட்டி, எஞ்சின் வேகத்துக்கு எல்லை கட்டும் ரெவ் லிமிட்டரை உரசினாலே கீழ் நிலைகளில் எண் ஏறிவிடும். ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியவர் அதைச் செய்யாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

மேல் நிலைகளான நான்கு, ஐந்து, ஆறு அப்படி வருவதில்லை. லிமிட்டர் எரிபொருளை வெட்டி எஞ்சினைத் தடுக்கும். ஆனால் சக்கரங்கள் எஞ்சினை வலுக்கட்டாயமாகச் சுழற்றினால் அதை எந்த லிமிட்டராலும் தடுக்க முடியாது. மூன்றாவது கியரில் 7,000 ஆர்பிஎம் வரை இழுத்தவர் நான்காவதுக்குப் போவதாக நினைத்து இரண்டாவதில் செருகி கிளட்ச்சை விடுகிறார் என்று வையுங்கள். இரண்டு கியருக்கும் விகிதம் 1.4 மடங்கு வித்தியாசப்பட்டால், எஞ்சின் ஒரே கணத்தில் 9,800-க்குத் தூக்கி எறியப்படும். அந்த வேகத்தில் வால்வு ஸ்பிரிங்குகள் வால்வைத் திறக்கும் கேமைத் தொடர முடியாமல் பின்தங்கும், வால்வு பிஸ்டனில் இடிக்கலாம், கனெக்டிங் ராட் போல்ட்டுகள் இழுபடலாம். சில எஞ்சின்கள் அங்கேயே உடையும். சில ஒன்றும் நடக்காததுபோல் ஓடி, பின்னால் வாங்கியவர் கையில் உடையும். எனக்குப் பயம் இந்த இரண்டாவது வகைதான்.

ஒவ்வொரு நிலையும் கடைசியாக எந்த எஞ்சின் மணி நேரத்தில் பதிவானது என்பதும் அதே ரிப்போர்ட்டில் இருக்கும். எண்ணைவிட எனக்கு இதுதான் முக்கியம். மொத்தம் 760 மணி நேரம் ஓடிய எஞ்சினில், நான்காம் நிலை கடைசியாக 210-ஆவது மணியில் பதிவாகியிருந்தால், அதற்குப் பிறகு 550 மணி நேரம் கோளாறின்றி ஓடியிருக்கிறது; பேரம் பேச ஒரு காரணம் கிடைத்தது என்று வைத்துக்கொண்டு தொடரலாம். 755-ஆவது மணியில் என்றால் வேறு பேச்சே வேண்டாம். விற்பவர் காரை வாங்கியபோது கிலோமீட்டர் எவ்வளவு என்று தெரிந்தால், அந்த மணிக் கணக்கை வைத்து அது முதல் உரிமையாளர் காலத்திலா, இவர் காலத்திலா என்றுகூடத் தோராயமாகச் சொல்லிவிடலாம். இது இவருக்கும் நியாயம் செய்வது. இவர் டிராக்குக்குப் போகாதது உண்மையாகவே இருக்கலாம். முன்னவர் போனது இவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

மணிக் கணக்கிலிருந்து இன்னொன்றும் கிடைக்கும். 38,000-ஐ மொத்த மணி நேரத்தால் வகுங்கள். 760 மணி என்றால் சராசரி 50 கி.மீ., ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் கலந்து ஓடிய காருக்கு இயல்பான எண். 1,900 மணி என்று வந்தால் சராசரி 20 கி.மீ. மட்டுமே. தினமும் நெரிசலில் நின்ற காருக்கு அது பொருந்தும். ஞாயிறு காலை காருக்குப் பொருந்தாது. அப்போது டிராக்கை மறந்துவிட்டு ஓடோமீட்டரைத்தான் சந்தேகிக்க வேண்டும். மணிக் கணக்கே சந்தேகப்படும்படி மிகக் குறைவாக இருந்தால், கணினி மாற்றப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் உள்ள கார்களில் தவறான கியரை அதுவே மறுத்துவிடும் என்பதால் மேல் நிலைப் பதிவுகள் பெரும்பாலும் இருக்காது. அங்கே, நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் பாய வைக்கும் லாஞ்ச் கன்ட்ரோல் எத்தனை முறை பயன்பட்டது என்று பாருங்கள். அதைச் சேமித்து வைக்கும் கார்கள் பல உண்டு. நிஸான் ஜிடி-ஆர் அதற்குப் பேர்போனது.

இனி வெளிப்புறம். முன் பம்பரில் ஒரு சின்ன சதுர மூடி இருக்கும். அதைக் கழற்றினால் இழுவைக் கொக்கி திருகும் ஓட்டை. டிராக் நாட்களில் கொக்கியை மாட்டிக்கொண்டு வரச் சொல்வது வழக்கம். மூடியின் விளிம்பில் நெம்பிய தழும்பு, உள்ளே மறையில் பளபளப்பு, டூல் கிட்டில் உள்ள கொக்கியின் மறையில் பூச்சு உரிந்திருப்பது இவையெல்லாம் அது பயன்பட்டதற்கு அடையாளம். ஒருமுறை பழுதாகி லாரியில் ஏற்றியிருந்தாலும் இதே தழும்பு வரும் என்பதையும் மனதில் வையுங்கள். கதவைச் சாய்ந்த வெயிலில் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். எண் ஸ்டிக்கர் ஒட்டிய இடம் மற்ற இடத்தைவிட ஒரு சாயல் வித்தியாசமாகத் தெரியலாம். பெயின்ட் தடிமன் மீட்டர் கையில் இருந்தால் நல்லது. அலுமினியத்தையும் அளக்கிற வகையாக இருக்கட்டும், ஏனென்றால் இந்தக் காரின் கதவும் மூடிகளும் இரும்பல்ல. ஒரிஜினல் பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் காட்டும். ஒரு பக்கம் மட்டும் 250, 300 என்று ஏறினால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது. பம்பர் பிளாஸ்டிக், அதில் மீட்டர் வேலை செய்யாது.

முன் பம்பரில் கல் தெறித்த புள்ளிகளை நான் பெரிதாக எடுப்பதில்லை. நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் போனாலும் வரும். அடிப்பாகம்தான் பேசும். வேகத்தடையிலும் சரிவிலும் உரசிய கீறல் காரின் நீளவாக்கில் போகும். கார் சுழன்று, ஓரக்கல்லின் மேல் பக்கவாட்டாக ஏறி இறங்கினால் கீறல் குறுக்காகவோ சாய்வாகவோ விழும். குறுக்குக் கீறல் சாலையில் அபூர்வம். அடித்தட்டின் மடிப்புகளிலும் சைடு ஸ்கர்ட்டின் உள்ளேயும் பொடி ஜல்லியும் காய்ந்த புல்லும் அடைத்திருந்தால், கார் ஒருமுறையாவது ஓடுபாதையைத் தாண்டி வெளியே போயிருக்கிறது. அப்படி இருந்தால் சக்கரங்களைக் கழற்றி உள்வளையம் நெளிந்திருக்கிறதா என்று பாலன்சிங் மெஷினில் சுற்றவிட்டுப் பாருங்கள்.

அலைன்மென்ட் எடுத்த தாளும் நல்ல சாட்சி. சாலைக்கான அமைப்பில் முன்சக்கர கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும். மைனஸ் இரண்டு டிகிரிக்கு மேல் என்றால் யாரோ வளைவுகளுக்காகத் திட்டமிட்டு மாற்றியிருக்கிறார்கள். விற்கும் முன் பழைய நிலைக்குத் திருப்பியிருந்தாலும், போல்ட்டுகளில் ஸ்பானர் விழுந்த புதுத் தடம் தெரியும்.

உள்ளே பார்க்க வேண்டியவை குறைவு. ஓட்டுநர் சீட்டின் வெளிப்பக்க மெத்தை தேய்ந்திருப்பது ஏறி இறங்கியதால். அதை வைத்துச் சிலர் கதை கட்டுவார்கள், கேட்காதீர்கள். தலைக்கு மேல் கூரைத் துணியில் ஹெல்மெட் உரசிய மங்கல், வளைவில் முழங்காலை முட்டுக்கொடுத்ததில் கதவின் உள்பக்கமும் நடு கன்சோலும் பளபளத்திருப்பது, சீட்டின் தோள்பகுதியில் ஹார்னஸ் (பந்தய சீட் பெல்ட்) பட்டை அழுத்திய தடம், சீட் போல்ட் தலைகளில் கீறல், கார்ப்பெட்டுக்கு அடியில் துளையிட்டு அடைத்த இடங்கள் இவற்றைத் தேடுங்கள். கேமரா உறிஞ்சி ஒட்டிய வட்டம் கண்ணாடியில் ஈரக்காற்று பட்டால் தெரியும். இன்னொரு சின்னத் தந்திரம்: நாவிகேஷனைத் திறந்து பழைய இலக்குகளைப் பாருங்கள். டிஸ்க்கை மாற்றுகிறவர்கள்கூட இதை அழிக்க மறந்துவிடுகிறார்கள். கார் எண்ணை டிராக் நாள் போட்டோ ஆல்பங்களிலும் வீடியோக்களிலும் தேடிப் பார்ப்பதும் தப்பில்லை.

ஓட்டிப் பார்க்கும்போது எஞ்சின் குளிராக இருக்கும்போதே கிளப்ப வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த கியர்பாக்ஸில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கரகரவென்றால் கியர்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது. டிராக்கில் ஓயாமல் இறக்கிப் போடப்படுவது இரண்டாம், மூன்றாம் கியர்கள்தான். சூடானபின் ஆளில்லாத பாதையில் 100-இலிருந்து 30-க்கு நாலைந்து முறை அழுத்திப் பிடியுங்கள். ஸ்டியரிங் அதிர்ந்தால் டிஸ்க்கில் பேட் படிந்திருக்கிறது. நீண்ட வளைவில் ஒரு பக்கம் மட்டும் ரீங்காரம் கேட்டால் வீல் பேரிங். எஞ்சின் ஆயிலில் ஒரு சிறு புட்டி எடுத்துப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பலாம். ஈயமும் செம்பும் ஏறியிருந்தால் பேரிங் தேய்கிறது என்று அர்த்தம். ஆனால் போன வாரம் மாற்றிய ஆயிலை அனுப்பி 'எல்லாம் சுத்தம்' என்று மகிழ வேண்டாம், அதில் எதுவும் சேர்ந்திருக்காது. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டையும் ஒரு சொட்டு அளந்து பாருங்கள். வழக்கமாகச் சேர்க்கும் கிளைக்கால் என்ற திரவம் கலக்காத வெறும் நீராக இருந்தால் அது பந்தயக் கார்களின் பழக்கம். கிளைக்கால் ஓடுபாதையில் கொட்டினால் வழுக்கும் என்பதால் பல பந்தயங்களில் அதற்குத் தடை.

மாடலுக்கு மாடல் தடயம் மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போர்ஷே 911-இன் 996, 997 தலைமுறை ஜிடி3-யில் கூலன்ட் குழாய் இணைப்புகள் பசையால் ஒட்டப்பட்டவை, சூட்டில் கழன்றுவிடும்; அவற்றை வெல்டிங் செய்தோ பின் அடித்தோ உறுதிப்படுத்தியிருந்தால் டிராக் ஓட்டுநர் கைபட்டிருக்க வாய்ப்பு அதிகம். அதே சமயம் அது நல்ல வேலை, குறையல்ல. லோட்டஸ் எலிஸில் பின்சக்கரத்தின் திசையைப் பிடித்து வைக்கும் டோ லிங்க் தண்டைப் பலப்படுத்தியிருப்பதும் அப்படித்தான். மாறாக, பிஎம்டபிள்யூ இ46 எம்3-யின் பின்தளத்தில் விரிசல் இருந்தால் உடனே டிராக் மேல் பழி போட முடியாது. சாலையிலேயே ஓடிய கார்களிலும் அது வந்திருக்கிறது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. டிராக்கில் ஓடியது தெரிந்தால் வாங்கவே கூடாதா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஸ்போர்ட்ஸ் கார் அதற்காகத்தான் செய்யப்பட்டது. எஞ்சினைச் சூடாக்கி, கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆறவிட்டு, வீட்டுக்கு வந்ததும் ஆயிலை மாற்றுகிற ஆளின் கார், குளிர்ந்த எஞ்சினை வாசலிலேயே அலறவிட்டு ஓட்டுகிற ஆளின் காரைவிட எத்தனையோ மேல். அடிப்பாகத்தில் போல்ட்டுகளின் குறுக்கே பெயின்ட் கோடு போட்டுத் தளர்வைக் கவனித்து வந்த தடம் தெரிந்தால் எனக்கு அந்த முன்னவர் மேல் மரியாதையே வரும். நான் கழித்துக்கட்டுவது மறைத்த காரை. பொய் சொல்லி விற்கிறவர் பராமரிப்பைப் பற்றி மட்டும் உண்மை சொல்வார் என்று நான் ஏன் நம்ப வேண்டும்?

அதனால் விற்பவரிடம் 'டிராக்கில் ஓட்டினீர்களா?' என்று மறுபடி கேட்காதீர்கள். இல்லை என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார், அதைவிட்டு இறங்கி வருவது அவருக்குக் கஷ்டம். 'முன்னால் எந்த பேட் போட்டிருக்கிறீர்கள்? சத்தம் வருகிறதா? பிரேக் ஆயில் எது? டயர் பிரஷர் எவ்வளவு வைப்பீர்கள், சூடாக அளந்தா, குளிராக அளந்தா?' என்று கேளுங்கள். டிராக்கில் ஓட்டுகிறவர்களுக்கு இந்தப் பேச்சு என்றால் உயிர். பல பேர் தங்களை அறியாமலே எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். 'எனக்கு டிராக்கில் ஓட்ட ஆசை, இந்தக் கார் தாங்குமா?' என்று கேட்டால் வருகிற பதிலும் சுவாரஸ்யமாக இருக்கும்.

எதைக் கண்டால் எழுந்து வந்துவிட வேண்டும்? அண்மைய மணிகளில் மேல் நிலை ஓவர் ரெவ். ரோல் கேஜ் (கார் உருண்டால் காக்கும் இரும்புக் கூண்டு) பொருத்த உடம்பில் போட்ட துளைகளை அடைத்து மூடியிருப்பது. பில்லில்லாத விபத்துப் பழுது. ரிப்போர்ட் எடுக்கவோ லிஃப்டில் ஏற்றவோ விற்பவர் சம்மதிக்காதது. இந்தக் கடைசி ஒன்றுக்கு எந்தச் சமாதானத்தையும் ஏற்காதீர்கள். வெந்த காலிப்பர், முடிந்த புஷ், பேரிங், கிளட்ச் போன்றவை எல்லாம் செலவு மட்டுமே. மெக்கானிக்கிடம் மதிப்பீடு வாங்கி விலையில் கழித்துக்கொள்ளுங்கள். உற்பத்தியாளர் தரும் நீட்டிப்பு வாரண்டி கிடைக்குமா என்பதையும் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். ஓவர் ரெவ் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மறுப்பதுண்டு.

ரிப்போர்ட் சுத்தமாக வந்து, முன் டிஸ்க்குக்கு நம்பும்படி ஒரு பில்லும் கிடைத்தால் காரை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்த முதல் வாரத்தில் பிரேக் ஆயிலையும் எஞ்சின் ஆயிலையும் மாற்றி, நான்கு சக்கர அலைன்மென்ட் பாருங்கள். கழற்றும் ஆயில் ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் வெட்டித் திறக்கச் சொல்லி, மடிப்புகளில் உலோகத் துகள் மினுக்குகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள்.